சத்தம் வைப்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில் அணைஞ்சபெருமாள் குளித்து, திருநீறு பூசி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கருப்பட்டி மிட்டாய், நடுவில் ஒரு துப்பாக்கி வெடிச் சத்தம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் புறப்பட்டார்.

வெடிச் சத்தம் பச்சைப்பயறு அளவுக்குத்தான் இருந்தது. ஒலிமணி என்று அதற்குப் பெயர். அதைக் காதின் பின்புறம் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் காதுக்குள் பொருத்தியிருக்கும் செவிவடி அந்தச் சத்தத்தைப் படித்துக்கொள்ளும். அதன்பிறகு அது மாதிரி சத்தம் எப்போது வந்தாலும் தேயிலைச் சக்கையை வடிகட்டி நிறுத்துவதுபோல் வெளியிலேயே நிறுத்திவிடும். பக்கத்தில் நின்று பேசுகிறவன் குரல் கேட்கும், காற்று கேட்கும், அந்த ஒன்று மட்டும் கேட்காது.

செவிவடி இல்லாதவர்கள் அந்தக் காலத்தில் அபூர்வம். காதுகுத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, மொட்டை போட்ட கையோடு அதையும் பொருத்திவிடுவார்கள். பிள்ளை அழுமே என்று யாரும் கவலைப்படுவதில்லை. அந்த அழுகையைத்தான் அது முதலில் படிக்கும்.

கருவி வந்தால் சம்பிரதாயமும் வரும். புதுவீட்டில் பால் காய்ச்சியதும் அக்கம்பக்கத்தில் போய்ச் சத்தம் வைத்துவிட்டு வருவது வழக்கமாயிற்று. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது மாதிரி. எங்கள் வீட்டு நாய் இப்படிக் குரைக்கும், மாவரைக்கும் இயந்திரம் இப்படி உறுமும், பெரியவர் இருமல் இது, உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம், வடித்துவிடுங்கள் என்று அர்த்தம். கணவன் மனைவி சண்டையையும் வைக்க வேண்டுமா என்பதில் மட்டும் இரண்டு கட்சி இருந்தது. மற்றச் சத்தங்களை வைக்காவிட்டால், மரியாதை தெரியாத குடும்பம் என்று பேசுவார்கள்.

வடக்குத் தேரியில் செம்மணல் மேடுகளுக்கு நடுவே ஆளுக்குப் பத்து ஏக்கர் என்று வேலிபோட்டுக் குடியேறியிருந்தார்கள். அவரவர் நிலத்தில் அவரவர் இஷ்டம். ஒருவர் தொட்டி கட்டி மீன் வளர்த்தார். ஒருவர் தனக்கென்று ஒரு கோயிலே கட்டிக்கொண்டார். அணைஞ்சபெருமாள் சுட்டார்.

வேட்டை இல்லை. வேட்டையாடப் பறவைகளும் மிச்சமில்லை. ஒரு சின்ன இயந்திரம் களிமண் தட்டுகளை வானத்தில் எறியும், அவர் அவற்றைச் சுட்டு உடைப்பார். துறைமுகத்தில் பளுதூக்கிகளை மேய்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு, தட்டு உடைந்து தூளாகிற அந்தக் கணத்தில்தான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். ஆனால் தன் சந்தோஷம் இன்னொருவனுக்குத் தலைவலியாகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். குண்டு போய்ப் புதைவதற்கு எதிரே பெரிய மணல்மேடு. செவ்வாய், வெள்ளி சுடமாட்டார். ஊரில் துக்கம் என்றால் சுடமாட்டார். சிவப்புக் கொடி ஏற்றி, "சுடுதேன்" என்று மும்முறை கூவிய பிறகுதான் துப்பாக்கியைத் தோளில் வைப்பார். இப்படி ஒரு அண்டைவீட்டுக்காரர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது.

அன்று அவர் தாம்பாளத்தோடு போனது பிரம்மசக்தியின் வீட்டுக்கு. முந்தின நாள்தான் குடிவந்திருந்தார்கள், அவளும் அவள் கணவன் சுயம்புலிங்கமும். புது ஆட்கள் வந்தது தெரியாமல் அணைஞ்சபெருமாள் சாயங்காலம் இரண்டு தட்டுகளைச் சுட்டுவிட்டார். அதற்குத்தான் மன்னிப்பு.

"வாங்க அண்ணாச்சி" என்று அவள் வாசலிலேயே நின்றாள். கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க தங்கச்சி. நீங்க வந்தது தெரியாது. இதுல வெடிச் சத்தம் இருக்கு. வெத்தலைக்கு அடியில இருக்க இன்னொண்ணுல என் சத்தம். சுடுததுக்கு முன்னால கூப்பாடு போடுவேன், அதுவும் காதுக்கு நல்லா இருக்காது. ரெண்டையும் வடிச்சிருங்க."

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே கட்டிலுக்கு அடியில் ஒரு வேட்டி நுனி தெரிந்தது. அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"கடலடிச் சுரங்கத்துல வேலை பாத்தாவ. அங்க ஒரு வெடி. கூட இருந்தவங்க ஒருத்தரும் மிஞ்சல. இப்ப பட்டுனு ஒரு சத்தம் கேட்டாப் போதும், கட்டிலுக்குக் கீழ போயி, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்துவாவ. நேத்து ராத்திரி பூரா கத்தினாவ. உங்களுக்கும் கேட்டிருக்கும்."

"இல்ல, அப்படி ஒண்ணும்..." என்று அவர் இழுத்தார். கேட்டிருந்தது. அவரும் தூங்கவில்லை.

வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பது நம்மவர்களுக்கு ஆகாது. பிரம்மசக்தி உள்ளே போய்க் கொஞ்சம் சீனி போட்டாள், இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு சிறிது தயங்கி, கணவனுடைய அலறல் அடங்கிய ஒலிமணியையும் சீனிமேல் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது எதுக்கு தங்கச்சி? மனுசன் கத்துதது ஒரு தொந்தரவா?"

"நீங்க இவ்வளவு பாக்கும்போது நாங்களும் பாக்கணும்லா அண்ணாச்சி. எனக்குக் கூச்சமா இருக்கு. வாங்கிக்கோங்க."

வாங்கிக்கொண்டார். மறுத்தால் அவள் மனம் நோகும். அன்றே காதில் வைத்தும் அழுத்திக்கொண்டார். அவள் அதே சத்தத்தை மற்ற வீடுகளிலும் வைத்துவிட்டு வந்தாள்.

அணைஞ்சபெருமாள் தந்த இரண்டு ஒலிமணிகளையும் பிரம்மசக்தி தன் காதிலும் கணவன் காதிலும் வைத்து அழுத்தினாள். சுயம்புலிங்கத்துக்கு அவை மருந்துபோல் வேலை செய்தன. வெடி கேட்காத வீட்டில் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். முதலில் முற்றம் வரை நடந்தான், பிறகு வேலி வரை. பிரம்மசக்தி இரண்டு ஆடுகள் வாங்கிக் கொடுத்தாள். சாயங்காலம் அவற்றை ஓட்டிக்கொண்டு போய், ஆட்டுப்புழுக்கை ஒட்டிய காலோடு திரும்பி வந்து சோறு கேட்டான். பல வருஷமாக அவள் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். இந்த மனுசன் இப்படியே இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அணைஞ்சபெருமாள் தென்பட்டால் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆடி பிறந்தது. தேரியில் ஆடிக்காற்று என்றால் மணல் எழுந்து நடக்கும். வேலி நான்கு இடத்தில் புதைந்துபோயிற்று. ஒரு சாயங்காலம் குட்டி ஆடு புதைந்த வேலியைத் தாண்டி ஓட, சுயம்புலிங்கம் அதன் பின்னால் போனான். அது ஒரு மணல்மேட்டின் பின்பக்கமாக ஏறியது. அவனும் ஏறினான்.

மேட்டுக்கு முன்பக்கம் அணைஞ்சபெருமாள் அன்றும் ஒன்றும் குறைவைக்கவில்லை. கொடியை ஏற்றியிருந்தார். காற்று அதைக் கம்பத்தோடு சுருட்டிவிட்டது அவருக்குத் தெரியாது. மூன்று முறை கூவினார். கேட்க வேண்டியவன் அந்தக் குரலை வடித்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. முதல் தட்டு உடைந்தது. வெடி அவனுக்குக் கேட்கவில்லை. தலைக்கு மேலே ஒரு தட்டு தானாகத் தூளானதைப் பார்த்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்குப் புரிந்தது. கையைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான்.

"நிறுத்துங்க. நிறுத்துங்க."

அணைஞ்சபெருமாளுக்குக் காற்றின் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. மணல் திரைக்கு அப்பால் அடுத்த தட்டு எழுவது மங்கலாகத் தெரிந்தது. சுட்டார்.

பிரம்மசக்தி அடுப்படியில் இருந்தாள். கணவனின் சத்தத்தை ஊருக்கெல்லாம் வைத்தவள் தன் காதில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கேட்டது. அவனுக்குப் பழைய பயம் திரும்பிவிட்டதோ என்று கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அதற்குள் நின்றுவிட்டது. பரவாயில்லை, தானாகவே அடங்கிவிட்டது, முன்னெல்லாம் இப்படி அடங்காதே என்று நினைத்து உலை வைக்கப் போனாள். இருட்டிய பிறகு ஆடுகள் மட்டும் வந்தன.

விசாரணையை நடுவன் நடத்தியது. வட்டாரத் தகராறுகளைத் தீர்க்கும் இயந்திரத்துக்கு அதுதான் பெயர். அதற்குப் பொய் தெரியாது, வாய்தாவும் தெரியாது. இரண்டு வீட்டாரின் செவிவடிகளையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது. சுட்டவர் விதி கேட்பதற்கு மேலாகவே கவனமாக நடந்திருக்கிறார். இறந்தவர் வீட்டாரும் அயலாருக்கான கடமையில் குறைவைக்கவில்லை. யார்மீதும் குற்றமில்லை. குற்றம் கருவியுடையது. எனவே வடக்குத் தேரியில் எல்லாச் செவிவடிகளையும் உடனே நிறுத்த வேண்டும். மனிதருக்கு மனிதர் சத்தம் முழுசாகக் கேட்டால் இப்படி நடக்காது என்று அது கணக்குப் போட்டிருந்தது. மனிதர்களைப் பற்றி அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பதினாறு கழிந்து சொந்தபந்தங்கள் போன பிறகு, உத்தரவு நிறைவேறியதா என்று சோதிக்கத் தளவாய் என்கிற ஊழியன் வந்தான். செவிவடிகளைப் பழுதுபார்க்கிறவர்கள் தங்களுக்கு அதைப் பொருத்திக்கொள்ளக் கூடாது என்பது விதி. அதனால் ஊர் எல்லையில் வண்டியை விட்டு இறங்கும்போதே அவனுக்குக் கேட்டது.

பிரம்மசக்தி அழுதுகொண்டிருந்தாள். அது கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுகிற அழுகை இல்லை. நான் கேட்டுட்டுச் சும்மா இருந்தேனே, கேட்டுட்டு உலை வச்சேனே என்று அடிவயிற்றிலிருந்து வந்தது. மணல்மேடுகள் அதை அங்கும் இங்கும் எறிந்தன.

தளவாய் முதல் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாளின் காதில் சோதிப்பானை வைத்தான். விளக்கு எரியவில்லை. காதுக்குள் செவிவடி செத்திருந்தது.

"அந்தத் துக்க வீட்டுலருந்து எதுவும் சத்தங் கேக்கா அம்மா?"

"ஒண்ணுங் கேக்கலியே தம்பி" என்றாள் அவள். அழுகையைத் தாண்டி அவனுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தித்தான் சொன்னாள்.

மீன் தொட்டிக்காரர், தனக்குச் சனிக்கிழமை முதல் காதடைப்பு என்றார். கோயில் கட்டியவர், இது குடும்ப விஷயம், கேட்டாலும் கேட்டேன் என்று சொல்வது நாகரிகமில்லை, கேட்கவில்லை என்றே எழுதிக்கொள் என்றார். ஒரு வீட்டில் அவன் எதிரிலேயே ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, கேட்கவில்லை என்றார்கள். சோதிப்பானில் ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை.

கடைசி வீடு அணைஞ்சபெருமாளுடையது. துப்பாக்கியை மறுநாளே ஒப்படைத்துவிட்டிருந்தார். முற்றத்தில், பக்கத்து வீட்டுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். இந்த வீட்டில் அழுகை இன்னும் நெருக்கமாக, மூச்சு வாங்குவது உட்படக் கேட்டது. தளவாய் சோதித்தான். விளக்கு எரியவில்லை.

"அண்ணாச்சி, அவங்க அழுவுதது உங்களுக்குக் கேக்கா?"

அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"இல்ல" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கேக்கலன்னு எழுதிக்கப்பா. கேக்குன்னா போகணும்லா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்? அவ துக்கத்துல போயி நின்னு நான் வேற தொந்தரவு குடுக்கவா?"

தளவாய் தலையாட்டிவிட்டு வண்டிக்கு வந்தான். கதவைத் திறந்து வைத்தபடியே வண்டியில் இருந்த பேசியில் நடுவனிடம் சொல்லத் தொடங்கினான்.

"கருவிகள் நின்றுவிட்டனவா?" என்று நடுவன் கேட்டது.

"எல்லாம் நின்னுட்டு."

"குடியிருப்போருக்கு அந்தப் பெண்ணின் அழுகை கேட்கிறதா?"

"ஒருத்தருக்கும் கேக்கல."

நடுவன் இரண்டு பதில்களையும் ஒப்பிட்டது. "இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. கருவி இல்லாவிட்டால் மனிதருக்குக் கேட்டாக வேண்டும். எது தவறு?"

தளவாய் ஊரைத் திரும்பிப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இதை இந்த இயந்திரத்துக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டியிருந்தது.

"முதல்ல சொன்னதுதான் தப்பு. கருவி இன்னும் வேலை செய்யுது. வேற ஆளு அனுப்பி அறுத்து எடுக்கச் சொல்லுங்க."

"பதிந்துகொண்டேன். ஒரு கேள்வி மீதி இருக்கிறது. உமக்குச் செவிவடி இல்லை. உமக்குக் கேட்கிறதா?"

அழுகை ஒரு கணம் ஓய்ந்து மறுபடி தொடங்கியது. தளவாய் வண்டிக் கதவைச் சாத்தினான். பாட்டைப் போட்டான். போதவில்லை, இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

"இல்ல" என்றான்.