பாரோ செத்த ஒன்பதாம் நாள்

"நாளைக்கு அவரைக் கழுவுல ஏத்துறாங்களாம், ஐயா," என்றாள் ஹெனுத். பாரோவுக்குக் கிண்ணம் ஏந்திய பாசேரின் மனைவி. மதுவில் விஷம், கிண்ணம் பாசேரின் கையில். தீர்ப்புக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எழுத்தர் நக்தா யோசித்தார். பக்கத்தில் நாவிதன் கென்னா பெருமூச்சு விட்டான். பாரோ செத்தால் எழுபது நாள் எகிப்தில் எவனும் சவரம் செய்துகொள்ள மாட்டான். ஒன்பது நாளாகக் கென்னாவின் கத்தி பட்டினி.

"மதுச்சாடியை யாரும்மா கொண்டாந்தது?"

"உசர்ஹத் ஐயாவோட ஆள். சொன்னா யாரு நம்புறா? அவருதான் அன்னிக்கு ஊர்லயே இல்லையே."

களஞ்சியத் தலைவர் உசர்ஹத் தெற்கே போயிருந்தாராம். நேற்றுத்தான் படகில் வந்திறங்கி, துறையிலேயே செய்தி கேட்டு, மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டார், கூட்டம் சேரும்வரை காத்திருந்து. குட்டி இளவரசர் சார்பில் நாளை முதல் ஆளப்போவது அவரே.

"நானும் துறையில இருந்தேன்," என்றான் கென்னா. "துடுப்புக்காரங்க கன்னமெல்லாம் பளபளன்னு. பாத்ததும் அழுகையே வந்துருச்சு."

நக்தா எழுந்தார். "வா கென்னா, சபைக்குப் போவோம். நீயும் வாம்மா."

சபையில் குட்டி இளவரசரின் தாய் ராஜமாதாவுக்கு அருகே உசர்ஹத் அமர்ந்திருந்தார். அரியணைக்கு ஒரு படி கீழே, அதுவும் மனமில்லாமல்.

"பயணம் எப்படிங்க?" என்றார் நக்தா.

"முந்தாநாள்கூட தெற்குக் கோயில்ல, மன்னர் நீடூழி வாழணும்னு என் கையால படையல் வெச்சேன். பாவி, எனக்குத் தெரியலையே." தாடியை நீவி அழுதார். சபையே தாடியை நீவி அழுதது.

"சவரம் பண்ணாதவங்களைக் கருவறைக்குள்ள விடமாட்டாங்களே, ஐயா. முந்தாநாள் மழமழன்னு இருந்த முகத்துல இவ்வளவு தாடியா? கென்னா, இது எத்தனை நாள் வளர்த்தி?"

"ஒன்பது. எல்லாருக்கும் இருக்கற அதே ஒன்பது."

"உங்க துடுப்புக்காரங்களுக்கு நேத்துத்தான் சேதி தெரியும். உங்களுக்கு மன்னர் செத்த அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. இங்கயே எங்கயோ ஒளிஞ்சு இருந்திருக்கீங்க. மன்னரைக் கொல்லத் துணிஞ்சவருக்கு, துக்கத்துல சவரம் பண்ணத் துணிச்சல் வரலை."

"துக்கத்துல தாடி வேகமா வளரும்," என்றார் உசர்ஹத்.

யாரும் தலையாட்டவில்லை. நேற்றிலிருந்து அவர் சொன்னதற்கெல்லாம் ஆடிய தலைகள்.

ராஜமாதா துடுப்புக்காரர்களை வரவழைத்தார். "ஐயா ஊருக்கு முந்தின கடைசி ஆத்து வளைவுலதான் படகுல ஏறினாரு," என்றான் முதல் ஆளே. காவலர்கள் உசர்ஹத்தின் தோளில் கைவைத்தார்கள்.

பாசேரை அழைத்து வந்தார்கள். கழுவேற்றம் பார்க்க நிழலான இடம் பிடித்து வைத்திருந்தவர்களே அவன் தோளைத் தட்ட முண்டியடித்தார்கள்.

"இனி என் மகனுக்கும் நீயே கிண்ணம் ஏந்து," என்றார் ராஜமாதா.

பாசேர் வாய் திறக்குமுன் ஹெனுத் முந்திக்கொண்டாள். "தாயே, இவருக்கு மாட்டுக்கொட்டில்ல வேலை ஏதாச்சும் இருக்குமா?"