ஜன்னலுக்கு வருகிறவன்

கரண்ட் போன பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

ட்டிக். ட்டிக். ட்டிக்.

மைக்கேல்ராஜ் தீப்பெட்டியைத் தேடி அடுப்படிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். வில்லாபுரத்தில் அப்போதுதான் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவன் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் காலி மனை, கருவேலஞ்செடி, மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம். கரண்ட் போய்விட்டால் ஈரச் சுண்ணாம்பின் வாசமும் தவளைச் சத்தமும் கொசுவின் ரீங்காரமும்தான் மிச்சம், தன் கையே தனக்குத் தெரியாது. அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து அவன் மனைவி பிலோமினாள் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டிக்கு வெளிச்சம் கிடையாது. கால்குலேட்டர் மாதிரிதான் அதுவும், விளக்கடியில் பிடித்தால்தான் சாம்பல் நிறக் கண்ணாடியில் கறுப்பாகப் படம் தெரியும். பள்ளிக்கூட ஆபீசில் தினமும் கால்குலேட்டரோடு மாரடிக்கிற கிளார்க்குக்கு இது தெரியாதா?

குச்சியைக் கிழித்தான். பிலோமினாளின் இரண்டு கட்டைவிரல்களும் பொத்தான்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. கண் பெட்டியில் இல்லை. தெருப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருட்டுல என்ன தெரியுதுன்னு அமுக்கிக்கிட்டு இருக்க?”

“தெரியணும்னு இல்லைங்க. அவன் வாரது கேக்கும்.”

“எவன்?”

அவள் சிரித்தாள். “இதுல வார ஆளுதாங்க. வேற எவன்?”

ஈஸ்டருக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த அவள் அண்ணன் கொடுத்துவிட்டுப் போனது அது. ஒரு நைலக்ஸ் சேலை, ஒரு சென்ட் பாட்டில், கூடவே இந்தச் சனியன். படத்தில் ஒரு வீடு, அதற்கு நாலு ஜன்னல். வெளியே ஓர் ஆள். மூஞ்சி கிடையாது, வெறும் கறுப்பு. அவன் எந்த ஜன்னலுக்கு வருகிறானோ அந்தப் பொத்தானை அமுக்கினால் ஜன்னல் மூடிக்கொள்ளும். உடனே அடுத்த ஜன்னலுக்குப் போவான். தவறவிட்டால் உள்ளே வந்துவிடுவான், ஆட்டம் குளோஸ். மைக்கேல்ராஜும் ஒருநாள் வாங்கி ஆடிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ஆள் உள்ளே நுழையப் பார்த்தான். பிலோமினாள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியதே இல்லை.

அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் வீடு வேறு மாதிரி இருந்தது. சைக்கிள் மணி கேட்டதும் வாசலுக்கு வருவாள். தலைமையாசிரியர் இன்றைக்கு யாரைக் கடித்தார், கேன்டீனில் என்ன வடை, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவன் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, முழங்காலில் தாடையை ஊன்றிக்கொண்டு, அவனையே பார்ப்பாள். குழந்தை இல்லாத வீட்டில் அந்தப் பார்வை முழுக்க அவன் ஒருத்தனுக்குத்தான். அது எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு நாளும் அவளிடம் அவன் சொன்னதில்லை. இப்போது தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். முந்தாநாள் ரசத்தில் உப்பில்லை என்று கத்தினான். “இருங்க, அவன் இன்னிக்குச் சும்மா விடமாட்டேங்கிறான்” என்று உள்ளேயிருந்து சொன்னாள். சொன்ன குரலில் ஒரு குழைவு இருந்தது. கல்யாணமான புதிதில் அவனிடம் பேசிய குரல் அது.

மைக்கேல்ராஜுக்கு வயிறு எரிந்தது. ஒரு கறுப்புப் பொம்மையின் மேல் பொறாமை என்றால் ஊர் சிரிக்கும். ஆனாலும் எரிந்தது.

ட்ராயிங் மாஸ்டர் ஞானமுத்துவிடம் மட்டும், யாரோ சொந்தக்காரர் வீட்டுச் சங்கதி போலக் கேட்டுப் பார்த்தான். “இந்த வீடியோ கேமெல்லாம் சீட்டாட்டம் மாதிரி ஆளப் புடிச்சுக்கிருமாண்ணே?”

“அட போ மாப்ள. பேட்டரி தீந்தா தானா நின்னுரும். அம்புட்டுத்தான்.”

ஆனால் பேட்டரி தீரவில்லை. ஈஸ்டர் போய், மழைக்காலமும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு அந்த நினைப்பு வந்தது. ஒரு கோட்டுப் படத்தை எந்தப் பெண்ணாவது ‘அவன்’ என்று இவ்வளவு வாஞ்சையாகச் சொல்லுவாளா? ஜன்னலுக்கு நிஜமாகவே ஒருத்தன் வருகிறான். பெட்டி ஒரு சாக்கு. நினைப்பு வந்த மறுநாளே தலைவலி என்று சொல்லி ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பினான். சைக்கிளைக் கருவேலஞ்செடி மறைவில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சொந்த வீட்டைச் சுற்றிப் பூனைபோல நடந்து ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தான். அவள் தனியாகத்தான் இருந்தாள். குனிந்த தலை, ஓடும் விரல்கள். ட்டிக்.

அப்பாடா என்றிருந்தது. ஒரு தடவை பார்த்தாயிற்று, போதும் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் அந்த நிம்மதி மறுநாள் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது. நேற்று வராதவன் இன்றைக்கு வந்தால்? மறுபடி போனான். அதற்கு மறுநாளும் போனான். இரண்டு ஜன்னலைப் பார்த்தால் மனசு ஆறவில்லை, நாலையும் பார்க்க வேண்டியிருந்தது. ஆபீசில் ரசீது எழுதும்போதே கால் பரபரக்கும். சாயங்கால வெளிச்சம் மங்க மங்க நாக்கு வறளும். ஒரு நாள் அவன் அடுப்படி ஜன்னலை நெருங்கும்போதே அது மூடிக்கொண்டது. காற்றாக இருக்கும் என்று அடுத்ததற்குப் போனான். அவள் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அன்று சாப்பாட்டின்போது கத்தினான். “அத நிறுத்துறியா இல்லையா பிலோ? தூக்கிக் கெணத்துல போட்ருவேன்.”

“நாளைக்கு நிறுத்திருவேங்க.”

“தினமும் இதத்தான் சொல்ற.”

“ஒரு தடவகூட அவன நான் உள்ள விட்டதில்லங்க. அம்புட்டு நேரம் சுத்திச் சுத்தி வாரான். பாவமாக்கூட இருக்கு.” அவள் முகத்தில் பெருமை இருந்தது. “ஆனா விடமாட்டேன்.”

நாளையோடு நிறுத்திவிட வேண்டும் என்று அவனும்தான் தினமும் ஆபீஸ் படி இறங்கும்போது நினைக்கிறான்.

கடைசி நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள்ளேயே இருட்டிவிட்டது. அவனியாபுரம் ரோட்டிலிருந்து திரும்பும்போதே அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை என்று தெரிந்தது. அவன் வீட்டில் மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சம் ஜன்னலுக்கு ஜன்னல் மஞ்சளாக அசைந்தது. சேற்றில் கால் புதைய, நனைந்த சட்டை முதுகில் ஒட்ட, கருவேலம்பூவும் சாக்கடையும் கலந்த நாற்றத்துக்கு நடுவே அடுப்படியில் கடுகு தாளிக்கிற மணம் வந்தது. அவள் இந்த நேரத்துக்குத் தாளித்துப் பல மாதம் ஆகிறது. யாருக்காகத் தாளிக்கிறாள்?

உள்ளே ஓர் ஆண் இருமினான்.

மைக்கேல்ராஜுக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. பயத்தைவிடச் சந்தோஷம்தான் முந்திக்கொண்டது. மாட்டிக்கொண்டாள். தெருப்பக்க ஜன்னலுக்குத் தாவினான்.

ட்டிக். ஜன்னல் மூடிக்கொண்டது. மூடிய கை எதுவும் தெரியவில்லை.

அடுப்படி ஜன்னலுக்கு ஓடினான். ட்டிக். மூடிக்கொண்டது. உள்ளே சிரிப்பு. இரண்டு பேரின் சிரிப்பு.

கதவை உடைத்துவிடலாம் என்று வாசலுக்குத் திரும்பினான். சுவரைத் தடவிக்கொண்டே போனான். ஈரச் சுண்ணாம்பு. மேலும் சுவர். மூலை திரும்பியது. மறுபடி சுவர்.

கதவு இல்லை.

“பிலோ!” என்று கூப்பிட்டான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

கால் தானாக நகர்ந்தது. அவன் நகர்த்தவில்லை. ஒரே எட்டு. படுக்கையறை ஜன்னல்.

ட்டிக்.

இன்னொரு எட்டு. நடுவில் நடந்ததாகவே நினைவில்லை. இங்கே இருந்தான். அங்கே இருந்தான். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. மேலே படவில்லை. கம்பியைப் பிடித்தான். பிடித்த கையில் விரல்கள் பிரிந்து தெரியவில்லை. கறுப்பாக, தட்டையாக, ஒரே துண்டாக இருந்தது.

கொல்லைப்பக்க ஜன்னல் மூட ஒரு கணம் தாமதித்தது.

மெழுகுவர்த்தி. சோற்றுத் தட்டு. பனியன் போட்ட ஒருவன் பிசைந்து பிசைந்து தின்றுகொண்டிருந்தான். எதிரே பிலோமினாள், பெட்டி மடியில். அதை அவள் பார்க்கவே இல்லை. தின்கிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணெடுக்காமல்.

தின்கிறவன் தலையைத் தூக்கினான். மைக்கேல்ராஜின் நெற்றி. மைக்கேல்ராஜின் மீசை. ஜன்னலை நேராகப் பார்த்தான்.

“பிலோ, யாரோ எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு.”

“நீங்க சாப்பிடுங்க. தினமும் வாரவன்தான்.”

இடது கையை நீட்டி, அவன் உதட்டோரம் ஒட்டியிருந்த கறிவேப்பிலையை மெதுவாக எடுத்தாள். வலது கட்டைவிரல் பொத்தானில் இறங்கியது.