பன்றித் தொடை வெந்த பகல்

காலையில் சாந்தாமேரி சீவிப் போட்ட இறைச்சித் துண்டை நாய் தொடவில்லை. முகர்ந்துகூடப் பார்க்காமல் பின்வாங்கிப்போய், முற்றத்தில் நின்ற ஜீப்பில் ஏறி இருக்கைக்கடியில் சுருண்டுகொண்டது. எத்தனை தடவை கூப்பிட்டும் இறங்கவில்லை.

அந்த எஸ்டேட் பங்களாவில் பதினோரு வருடமாகச் சமைப்பவள் அவள். மானேஜர் பெர்னார்டு துரையின் நாக்கு அவளுக்கு அத்துப்படி. பாத்திரம்தான் புதிது. இங்கிலாந்தில் இருக்கும் அக்காள் அந்த எண்பத்து மூன்றாம் வருடம் அவருக்குக் கொடுத்தனுப்பியது. மின்சாரத்தில் சூடாகும் தொட்டி, அதற்குள் கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. துரை காப்பிக்காட்டில் சுட்ட காட்டுப்பன்றியின் பின்தொடை பத்து நாள் உப்பில் கிடந்து சிவந்திருந்தது. இரவெல்லாம் தண்ணீரில் போட்டு உப்பை இறக்கி, தோலைக் கட்டம் கட்டமாகக் கீறி, வெங்காயமும் மிளகும் கிராம்பும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்து ஏழு மணிக்கே சட்டியில் இறக்கிவிட்டாள்.

"எட்டு மணி நேரம் ஆகும் சாந்தா. நடுவுல மூடியத் தெறக்காத, சூடு போயிரும்."

"சரிங்க துரை."

ஞாயிற்றுக்கிழமை. கூலியாட்கள் ஏற்காட்டுக் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். காவல்காரன் செங்கோடன் மட்டும் பத்து மணிவாக்கில் வந்தவன், வாசனை பட்டதும் படியிலேயே நின்றுவிட்டான்.

"ஏனுங்க அக்கா, துரை சுட்ட பன்னிங்களா?"

"ஆமா."

"அது குட்டியோட திரிஞ்சதுங்க. நொம்பத் தப்பு. மூணு நாளா ஒரு கூட்டமே இந்தப் பங்களாவச் சுத்தித் தடம் போட்டிருக்குது. துரைகிட்டச் சொன்னா சிரிக்கிறாரு. நீங்க பேசாம ஊட்டுக்குப் போயிருங்கக்கா."

அடுப்பை விட்டுவிட்டு எப்படிப் போவது? அவன் செம்மநத்தம் போகும் பாதையில் விறுவிறுவென்று இறங்கிப் போனான்.

பகல் ஒரு மணிக்குப் பனிமூட்டம் சரிவிலிருந்து ஏறி வந்து சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, முற்றத்தையும் ஜீப்பையும் மறைத்து, ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாக அப்பிக்கொண்டது. உள்ளே சட்டி அவசரமில்லாமல் முனகியது. உப்பும் கொழுப்பும் கிராம்பும் கலந்த வாசனை புகைபோக்கியிலும் கதவிடுக்கிலும் கசிந்து, அந்த ஈரக்காற்றில் கலையாமல் பங்களாவைச் சுற்றியே தேங்கி நின்றது. அவள் சேலையில், முடியில், எச்சிலில்கூட அது ஏறியிருந்தது. வெளியே காப்பிச் செடிகள் சரசரத்தன. காற்று இல்லை. மறுபடி சரசரத்தன, இந்தத் தடவை இரண்டு பக்கமும்.

பிறகு சுவரில் ஏதோ உரசியது. சொரசொரப்பான எதுவோ சமையலறைச் சுவரை ஒட்டி மெதுவாக நகர்ந்து, மூலையில் திரும்பி, அடுத்த சுவரையும் உரசிக்கொண்டே போனது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

"துரை!"

துரை துப்பாக்கியுடன் ஏற்கெனவே முன்வாசலில் இருந்தார். "வாசனைக்குப் பன்னிங்க வந்திருக்குதுங்க. ஒண்ணச் சுட்டா எல்லாம் ஓடிரும். நீ கதவச் சாத்திக்க."

அவள் பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். பூட்ஸ் சத்தம் பங்களாவைச் சுற்றி வந்தது. ஒரு வெடி. ஜன்னல் அதிர்ந்தது.

எதுவும் ஓடவில்லை.

குளம்புகள் ஒரே திசையில் திரும்பின. துணி கிழிவது போல ஒரு சத்தம். அது துணியல்ல என்று துரையின் அலறலில் தெரிந்தது.

"சாந்தா! கதவத் தெற! காலு போச்சு, தெற!"

அவள் தாழ்ப்பாளைப் பிடித்தாள். அதே நொடியில் பெரிய உடம்பொன்று கதவில் மோதியது. பலகை உள்பக்கம் வளைந்தது. கீல் ஆணி ஒன்று தெறித்து விழுந்தது. அவள் கை தானாகவே தாழ்ப்பாளை விட்டது.

"தெறம்மா..."

"மாதாவே, என்னால முடியலீங்க துரை!"

கதவின் அடிப்பலகை மழையில் இற்று ஒரு சாண் விலகியிருந்தது. அந்த வழியாக அவர் கை உள்ளே வந்தது. மண்ணும் ரத்தமும் பூசிய விரல்கள் தரையைத் துழாவின. அவள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டாள். சூடாக இருந்தது. அவள் மணிக்கட்டை அது இறுக்கிப் பிடித்தது.

"விட்டுராத சாந்தா."

"விடலீங்க. விடலீங்க."

வெளியே அவை மென்றன. ஒவ்வொரு மெல்லுக்கும் கை ஒரு வெட்டு வெட்டியது. அவர் கத்தினார். பிறகு முனகினார். பிறகு மெல்லும் சத்தம் மட்டும்.

கை இழுபட்டது. அவள் இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். தோள் பிடுங்கிக்கொண்டு போவது போல வலித்தது. விடவில்லை.

திடீரென்று எதிர்ப்பு இல்லை.

கை லேசாக உள்ளே வந்தது. மணிக்கட்டு. முழங்கை. அதோடு முடிந்தது.

அவள் மல்லாக்க விழுந்தாள். அது மடியில் கிடந்தது. விரல்கள் இன்னும் அவள் மணிக்கட்டை விடவில்லை. ஒவ்வொன்றாக விலக்கப் பார்த்தாள். வரவில்லை.

கதவுக்கடியில் ஒரு மூக்கு நுழைந்தது. ஈரமாக. சிவப்பாக. அதன் பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னும் மூன்று. எல்லாம் சேர்ந்து பலகையை மேல்நோக்கி நெம்பத் தொடங்கின.