புயலைக் காணவில்லை

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் டீயை மேஜையில் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஸ்டேஷன்."

"புயலைத் தூக்கிட்டோம்."

குரலை மாற்றி மூக்கால் பேசுகிற ஆண் குரல்.

"வானிலை ஆபீஸ் நம்பர் வேற."

"அந்தப் புயல் இல்லைங்க... பார்லிமெண்டுப் புயல். சாயங்காலம் ஓட்டெடுப்பு முடிஞ்சதும் விட்டுடுவோம். அதுவரைக்கும் தேடாதீங்க. தேடினா..."

குரல் கொஞ்சம் யோசித்தது.

"தேடாதீங்க, அவ்வளவுதான்."

லைன் செத்தது.

இன்ஸ்பெக்டர் எதிரே நின்ற ஏட்டைப் பார்த்தாள்.

"எம்.பி.யைக் கடத்திட்டாங்களாம். கடத்தினவன் வார்த்தைக்கு வார்த்தை மரியாதை குடுக்கறான் ஏட்டய்யா."

"நல்ல குடும்பத்துப் பையன் போலருக்கு மேடம்."

புயல் என்பது பட்டப்பெயர். எதிர்க்கட்சி எம்.பி. எந்தக் கண்டத்தில் குண்டு விழுந்தாலும் இங்கே அவையில் அவர் மேஜை அதிரும். அகதிகள், எல்லைச் சண்டை, ஆயுத பேரம்... வெளிநாட்டை ஒரு வழி பண்ணிவிட்டு உள்நாட்டுக்கு வருவார். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, பள்ளிக்கூடத்தில் கூரை இல்லை என்று கர்ஜிப்பார். சபாநாயகர் காதில் பஞ்சோடுதான் நாற்காலியில் உட்காருகிறார் என்று பேச்சு.

இன்று அவருடைய பெரிய நாள்.

ஒரு பணக்கார நாட்டின் ஆஸ்பத்திரிக் குப்பையைக் கப்பலில் கொண்டுவந்து இந்த நாட்டுத் துறைமுகத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் நட்புறவு ஒப்பந்தம். நிறைவேற வேண்டுமானால் மொத்த எம்.பி.க்களில் பாதிக்கு மேல் கை தூக்க வேண்டும்.

அரசுக்கு ஒரே ஒரு கை குறைந்தது.

ஜீப் கிளம்புவதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. தெருமுனையில் எதிர்க்கட்சிக்காரர்கள் டயரைக் கொளுத்திவிட்டு, அது சரியாகப் பற்றவில்லை என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அரசே, எங்கள் புயலை வெளியே விடு" என்று கோஷம்.

"அரசாங்க வேலையாத்தான் இருக்கும் மேடம்," என்றார் ஏட்டு.

"எப்படி? அவங்களுக்குக் குறையறது ஒரு கை. எதிராளியைத் தூக்கிட்டா அந்தக் கை வந்துடுமா?"

ஏட்டு விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"வராதுதான். அப்ப யாருக்கு மேடம் லாபம்?"

இன்ஸ்பெக்டர் பதில் சொல்வதற்குள் செல்போன் துடித்தது.

வெளியுறவு அமைச்சர்.

"இன்ஸ்பெக்டர்... புயலை மதியத்துக்குள்ள கண்டுபிடிச்சாகணும். எத்தனை ஆள் வேணும்? ஹெலிகாப்டர் வேணுமா?"

"சார், நாங்க பார்த்துக்கறோம்."

"கண்டுபிடிச்சதும் வீட்டுக்கெல்லாம் விடாதீங்க. நேரா அவைக்கு அழைச்சிட்டு வாங்க. சட்டை கசங்கியிருந்தாலும் பரவாயில்ல."

"சார், அவர் உங்களுக்கு எதிரா ஓட்டுப் போடறவரு."

மறுமுனையில் ஒரு கனைப்பு.

"ஜனநாயகம்மா. எதிர்க்கட்சி இல்லாம எனக்குச் சாப்பாடே இறங்காது."

போனை வைத்ததும் இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

புருஷனைத் தொலைத்த பெண்கூட இப்படிப் பதறமாட்டாள்.

அவள் நினைத்தது சரி. புருஷனைத் தொலைத்த பெண் கொஞ்சம்கூடப் பதறவில்லை.

புயலின் மனைவி கதவைத் திறந்தபோது தலை வாரிப் பின்னியிருந்தாள். கண்ணில் ஈரம் இல்லை. வரவேற்பறைச் சுவரெல்லாம் புயல். ஒரு படத்தில் மைக்கைப் பிடித்திருந்தார். இன்னொன்றில் மைக் அவரைப் பிடித்திருப்பது போல இருந்தது.

"உட்காருங்க மேடம். டீ போடவா?"

"வேண்டாம்மா. எப்ப காணாமப் போனாரு?"

"விடிஞ்சதும் வாக்கிங் கிளம்பினாரு. வெறும் வயித்தோட. திரும்பி வரலை."

"யாராவது மிரட்டினாங்களா?"

"மிரட்டறது அவர் வேலை மேடம். அவரை யாரு மிரட்டுவா?"

"உடம்புக்கு ஏதாவது?"

"பிரஷர் இருக்கு. கவலைப்படாதீங்க, டிபன் முடிஞ்சதும் மாத்திரை குடுத்துட்டேன்."

சொல்லி முடித்ததும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டாள்.

"வெறும் வயித்தோட போனவருக்கு டிபன் எங்க வச்சுக் குடுத்தீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே... யாராவது கதவைத் திறங்கடா..."

ஏட்டு துப்பாக்கியைத் தேடினார். அது ஸ்டேஷனில் இருந்தது.

"ஸ்டோர் ரூம்ல இருக்காரு," என்றாள் மனைவி. "ஃபேன் போட்டிருக்கேன். தலகாணி குடுத்திருக்கேன். நான் என்ன கொலைகாரியா?"

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவர் பேசற ஒவ்வொரு பேச்சும் நான் எழுதறது மேடம். கல்யாணமான நாளிலிருந்து. எந்த நாட்டுல எந்த எல்லை, எந்த ஆஸ்பத்திரியில எத்தனை படுக்கைன்னு நான் படிச்சுப் படிச்சு எழுதுவேன். அவர் கத்துவாரு. சரி, குரல் அவரோடது, விஷயம் நம்மளோடதுன்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"போன மாசம் சோதனைக்குன்னு ஒரு கப்பல் வந்துச்சே... அந்தக் குப்பையை இறக்கினதுல என் தம்பியும் ஒருத்தன். துறைமுகத்துல மூட்டை தூக்கறான். ரெண்டு கையிலயும் கொப்புளம். சோத்தை அவனால பிசைய முடியலை, அம்மா ஊட்டி விடறாங்க. அதைத்தான் பேச்சுல எழுதினேன். இவர் அவையில அதைப் படிச்சு அழுதாரு. டிவியில பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நானும் அழுதேன்."

"அன்னைக்கு ராத்திரி பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு போன்ல பேசறாரு. 'அமைச்சரே, எதிர்த்துப் பேசிடறேன், கையை மட்டும் உங்களுக்குத் தூக்கிடறேன். தூதர் பதவி உறுதிதானே'ன்னு. அந்தக் குப்பைக்கார நாட்டுக்கே தூதர். அங்க குளிருமாம். மறுநாளே கம்பளிக் கோட்டுக்கு அளவு குடுத்துட்டு வந்துட்டாரு."

"கேட்டீங்களா அவர்கிட்ட?"

"கேட்டேன். 'கண்ணீர் உள்நாட்டு விவகாரம், கை வெளிநாட்டு விவகாரம்'னாரு. அப்பதான் முடிவு பண்ணேன்."

"போன் பண்ணது?"

"தம்பிதான். பாவம், அவனுக்கு மிரட்டத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் எழுந்து பின்பக்கம் போனாள். தாழ்ப்பாளை விலக்கினாள்.

பழைய நாற்காலிகளுக்கும் கட்சிக் கொடிகளுக்கும் நடுவே புயல் நின்றுகொண்டிருந்தார். தலை கலைந்து, வேட்பாளர் காலத்துச் சிரிப்பு மட்டும் கலையாமல்.

"வாங்க இன்ஸ்பெக்டர். ஜீப் ரெடியா? அவைக்குப் போகணும்."

"போகலாம் சார். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி."

"எதுக்கு?"

"கடத்தப்பட்டவரை மீட்டா முதல்ல மருத்துவப் பரிசோதனை. ரத்தம், எக்ஸ்ரே, மனநலம். அப்புறம் வாக்குமூலம். சட்டம் சார்."

"என்னை யாரும் கடத்தலம்மா. என் பொண்டாட்டிதான் பூட்டி வச்சா."

"அப்ப அது குடும்பத் தகராறு. அதுக்கு வாக்குமூலம் இன்னும் நீளம். ஏன் பூட்டினாங்கன்னு நீங்க விவரமாச் சொல்லணும்."

வாசலில் கூடிவிட்ட கட்சிக்காரர்களின் கோஷம் கேட்டு, புயல் அந்தப் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க சார். ஏட்டய்யா எழுதிக்குவாரு. வாசல்ல பத்திரிகைக்காரங்களும் இருக்காங்க, அவங்களும் எழுதிக்குவாங்க."

"எனக்கு..." புயல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கொஞ்சம் மயக்கமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

மனைவி ஓடிப்போய் ஒரு ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்து அவர் காலருகே வைத்தாள்.

"பார்த்துப் போங்க. மத்தியானம் சாப்பாடு அங்கேயே அனுப்பறேன்."

வாசலில் கூட்டம் அவரைப் பார்த்ததும் தோளில் தூக்கியது. அரசின் கோரப் பிடியிலிருந்து மீண்ட மாவீரன் என்று ஒருவர் மைக்கில் அறிவித்தார். மாவீரன் கீழே இறங்கப் பார்த்தார். விடவில்லை. ஆம்புலன்ஸ்வரைக்கும் தோளிலேயே போனார்.

ஏட்டு கிசுகிசுத்தார். "மேடம், இதுக்கு அமைச்சர் நம்மளை எங்க மாத்துவாரோ?"

"துறைமுகத்துக்கு மாத்தட்டும். குப்பை வருதான்னு பார்த்துக்கறேன்."

சொன்னாளே தவிர, மனதுக்குள் கணக்குப் போட்டாள். வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் போகிற மகள், இந்த யூனிஃபார்ம்... மதியம் தாண்டிவிட்டது. அமைச்சரிடமிருந்து இன்னும் ஒரு போன்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஸ்டேஷனுக்குத் திரும்பவில்லை. புயல் வீட்டு வரவேற்பறையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

அவை கூடியது. சபாநாயகர் அழைத்தார்.

"வெளியுறவு அமைச்சர் தீர்மானத்தை முன்மொழியலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுபடியும் அழைத்தார். ஆளும் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். முன்மொழிய ஆள் இல்லாததால் தீர்மானம் கைவிடப்பட்டது என்று சபாநாயகர் அறிவித்துவிட்டு, காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

இன்ஸ்பெக்டரின் செல்போன் அதிர்ந்தது.

ரகசியக் குரல். சுற்றிலும் எதிரொலி.

"இன்ஸ்பெக்டர்... நான் அமைச்சர் பேசறேன். அவைக்குப் போறதுக்கு முன்னாடி குளிக்க வந்தேன். பாத்ரூம் கதவை வெளியில தாழ் போட்டுட்டாங்க. போனையும் எடுத்துக்கிட்டு, இப்பதான் ஜன்னல் வழியாக் குடுக்கறாங்க..."

"யாரு சார்?"

"என் சம்சாரம்."

இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

புயலின் மனைவி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அவங்களும் நானும் ஒரே யோகா வகுப்பு மேடம். அவங்க அம்மா வீடும் துறைமுகத்துப் பக்கம்தான்."

"சீக்கிரம் வாங்க இன்ஸ்பெக்டர்," என்றது போன்.

"வரேன் சார். உள்ள குழாயில தண்ணி வருதா?"

"வருது... எதுக்குக் கேக்கறீங்க?"

"அப்ப அவசரமில்ல சார். நாட்டுல பாதிப் பேரைவிட நீங்க வசதியாத்தான் இருக்கீங்க."