வெட்டுமிச்சம்

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் கண்ணாடிக் கூண்டில் குழந்தைக்கு ஐந்து வயதானால் மண்டையில் சில்லு பொருத்தி, விருந்து வைத்து, பேனர் அடிப்பார்கள். சில்லணி விழா என்று பெயர். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பொருத்த வேண்டும். அதன் பிறகுதான் குழந்தையின் முகம் குடிமக்கள் பதிவில் ஏறும்.

பேனரைக் கண்ணாடிச் சுவரில் விளிம்போடு விளிம்பாக ஒட்ட வேண்டும். ஓரத்தில் துளி வெள்ளை தெரிந்தாலும் அது சாவு பேனர். அதனால் படத்தைச் சுவரைவிடச் சற்றுப் பெரிதாக அச்சிடுவார்கள். அதிகப்படியை வெட்டன் என்ற எந்திரம் நறுக்கி எறியும். அந்த அதிகப்படிதான் வெட்டுமிச்சம். அங்கே வண்ணம் இருக்கலாம், பூ இருக்கலாம், முகம் மட்டும் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே அச்சகக்காரி பொற்கொடிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"இந்தக் கோட்டுக்கு வெளியே யாரையும் வைக்காதீங்கண்ணே. நறுக்கிடும்."

"அவ்வளவு இடத்தையும் சும்மாவா விடறது?" என்றார் மாசிலாமணி. மறுநாள் அவர் மகள் நித்திலாவுக்குச் சில்லணி. நித்திலா திரையின் நடுவிலிருந்த தன் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேனரில் முகம் வரும் என்ற ஒரே ஆசையில்தான் அவள் சில்லு ஊசிக்கே சம்மதித்திருந்தாள்.

மாசிலாமணி செய்த கோளாறு, படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் திறந்துவிட்டது. சில்லு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே நினைத்தால் போதும், திரையில் தங்கள் முகம் பெரிதாகும். முதலில் தாய்மாமன் பெருத்தார். அது பொறுக்காமல் சகலை பெருத்தார். சித்தப்பா கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வந்து பெருத்தார். ஒருவர் வீங்கினால் பக்கத்துப் படம் தானாக நகரும்; நகர்ந்தவர் சும்மா இருப்பாரா, திருப்பி இடிப்பார். திருப்பி இடிக்க முடியாதவள் நித்திலா மட்டும்தான். அவளுக்குத்தான் இன்னும் சில்லே இல்லையே! நடுவில் இருந்தவள் நகர்ந்து நகர்ந்து கோட்டைத் தாண்டிவிட்டாள்.

"ஐயோ, பாப்பா வெட்டுமிச்சத்துக்குப் போயிட்டாண்ணே! யாரையாவது சின்னதாக்குங்க."

"யாரைம்மா ஆக்குறது? மச்சான் கோவிச்சுக்கிட்டா நாளைக்கு மடி குடுக்க மாட்டாரு. சகலை ஏற்கெனவே மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு. வெட்டன் மனுஷ முகத்தை வெட்டக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. கத்தி தானா விலகிப் போயிடும்."

சொல்லிக்கொண்டே ஒப்புதல் கொடுத்துவிட்டார். பொற்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். பூமியிலிருந்து கப்பல் வரும்வரை அவளிடம் இருந்தது அந்த ஒரு சுருள் தாள்தான். இன்னொரு முறை அடிக்க வழியில்லை.

சட்டம் உண்மைதான். வெட்டன் ஒவ்வொரு முகத்தையும் பதிவோடு ஒப்பிட்டது. சித்தப்பாவின் காது கோட்டைத் தொட்டபோது கத்தி மரியாதையாக வளைந்து போனது. கடைசியில் நித்திலாவிடம் வந்தது. பதிவில் அப்படி யாரும் இல்லை. பூ என்று முடிவு செய்து நறுக்கிவிட்டது.

மறுநாள் வந்தவர்கள் எல்லாம் பேனரில் தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "ஒரு மூஞ்சிகூட வெட்டுப்படலை பாத்தீங்களா?" என்று மாசிலாமணி எல்லாரிடமும் சொன்னார். முழங்கை வெட்டுப்பட்டுவிட்டது என்று தாய்மாமன் மட்டும் கோபித்துக்கொண்டு வாசல்வரை போனார். காலில் விழாத குறையாக அவரைத் திருப்பி அழைத்து வந்தார்கள்.

"அப்பா, நான் எங்க?" என்றாள் நித்திலா.

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். பொற்கொடி நறுக்கிய துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். குழந்தை அதை வாங்கவில்லை.

"அதுக்கென்னடா கண்ணு," என்றார் மாசிலாமணி. "இன்னைக்குத்தான் சில்லு ஏறுதே. இனிமே நீயே தள்ளிக்கலாம்."

மாமன் மடியில் சில்லு ஏறியது. நித்திலா அழவில்லை. கண்ணை இறுக்கி மூடி எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொற்கொடி அச்சகத்துக்குத் திரும்பியபோது, கப்பல் வந்ததும் அடிக்க வேண்டிய அடுத்த பேனர் திரையில் திறந்திருந்தது. சித்தப்பா மகனின் சில்லணி. ஓரத்தில் நித்திலாவின் முகம் பெருத்துக்கொண்டே வந்தது. நடுவில் இருந்த பையன் கோட்டை நோக்கி நகர ஆரம்பித்திருந்தான்.