சாய்த்தால் ஓடும் ரத்தம்

கண்ணாடிக் குழாயைச் சாய்த்ததும் ரத்தம் ஓடியது.

இந்நேரம் அது தயிர்போலக் கட்டி, தலைகீழாகக் கவிழ்த்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் சிவானந்தம் குழாயை மறுபடி உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினார். லைசால் மருந்து நெடியும் மண்ணெண்ணெய்ப் புகையும் அடைத்துக்கிடந்த அந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி அறையில், கம்பி வேலிக்கு அப்பால் பால்மரங்கள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போவதைப் பார்த்தபடி, கட்டிலில் கிடந்த மனைவி வள்ளியம்மாவின் பக்கத்தில் சன்னாசி நின்றான்.

பிள்ளை பெற்றபின் அவளுக்குக் காலில் ரத்தம் கட்டிவிட்டது. அது மேலும் கட்டாமலிருக்க டிரெசர் மாத்திரை கொடுத்துவந்தார். மாத்திரை மிஞ்சினால் ரத்தம் உறையாமலே போய்விடும் என்று அந்திதோறும் இப்படிச் சாய்த்துப் பார்ப்பார். மாத்திரையை நிறுத்திச் சில நாளாகிவிட்டது. ஆனால் ரத்தம் முன்னைவிடத் தண்ணீராக ஓடியது.

"ரவாங்கு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாங்களா ஐயா?"

"எப்படிப் போறது? ரோட்டுல காட்டுப்படைக்காரனுங்க லோரியக் கொளுத்திட்டானுங்க. கேட்டையும் பூட்டியாச்சு. நல்ல ஆளு ரத்தம் ஏத்துனாத்தான் பொழைப்பா."

சன்னாசி கையை நீட்டினான்.

அவள் ரத்தத்தோடு சேருமா என்று பார்க்க எடுத்ததில் கொஞ்சத்தை டிரெசர் இன்னொரு குழாயில் விட்டார். காத்திருந்தார்கள். சாய்த்தார்.

ஓடியது.

"நீ அவ மாத்திரைய எடுத்துத் தின்னியா?"

"ஐயோ, சத்தியமா இல்லீங்க."

குழாய்தான் அழுக்கு என்று புதியவற்றைக் கொதிக்கவைத்தார் டிரெசர். சன்னாசி தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு ஓடி, ரத்தம் கொடுக்க உடையப்பனையும் வீரனையும் இழுத்து வந்தான்.

"என் ஒடம்புல ஓடுறது பூராவும் கள்ளு, மச்சான். தங்கச்சி எழுந்து ஆடப்போவுது லா," என்றான் உடையப்பன்.

அவன் ரத்தமும் ஓடியது. வீரனுடையதும் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை.

வள்ளியம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கங்கா வந்தாள். அவசரகாலம்; காட்டுப்படைக்குப் போய்விடாமலிருக்க வீடுகளில் அரிசி வைக்கத் தடை; லயம் முழுவதற்கும் ஒரே அண்டாவில் ஆக்குபவள் அவள். டிரெசர் சோற்றையே பார்த்தார்.

"இது எந்த அரிசி?"

"ரேசன் வரலீங்களே. ஸ்டோர்ல கெடந்த மூட்டையத்தான் பத்து நாளா ஆக்குறேன். எலிக்கு மருந்து கலந்து வச்சதாம். நல்லாக் கழுவிட்டேன். மொதல்ல கோழிக்கு ஒரு பிடி போட்டுப் பாத்தேன், ஒண்ணும் ஆவல."

"ஒரு பிடியில ஆவாது," என்றார் டிரெசர். "நாளும் தின்னாத்தான் ஆவும். அவ மாத்திரையும் அந்த மருந்தும் ஒரே சாதி. யாரு யாரு தின்னாங்க?"

"யாரு தின்னல? நீங்களுந்தான் ரெண்டு வேளையும் கேட்டு வாங்குனீங்க."

டிரெசர் தன் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார். ஒரு குழாய். காத்திருந்தார்.

சாய்க்கவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டார்.

உடையப்பன் விரலில் சுற்றிய பஞ்சு சிவந்து சொட்டியது. வீரனுக்கும். குத்தின இடம் யாருக்கும் மூடவில்லை. கங்கா தன் வாயைத் துடைத்துப் புறங்கையைப் பார்த்தாள்.

வள்ளியம்மாவின் மூக்கிலிருந்து ரத்தம் இறங்கியது. சன்னாசி கையால் பொத்தினான். அழுத்தினான். அவன் கையிலிருந்து ஒழுகியதும் அதோடு கலந்தது. தலையணை நனைந்தது. பாய் நனைந்தது. அவள் மூச்சு நின்றபின்னும் அவன் கையை எடுக்கவில்லை.

விரலிடுக்கில் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.