தடித்த வளையம்

காலை ஆறு மணிக்குக் கூரை விளக்குகள் எரிந்ததும் எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற முதல் வேலை, அவரவர் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது. செவ்வாயின் இந்தக் குகையூரில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மல்பெரிக் கன்று உண்டு. அன்றாட நீர்ப்பங்கில் தானும் குடித்து, அதற்கும் கொடுக்க வேண்டும். யார் எவ்வளவு ஊற்றினார் என்று எந்த உணரியும் பார்ப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை விளக்குகளைக் குறைத்துக் குளிர்காலம் உண்டாக்குவார்கள். மரத்தில் ஒரு வளையம் விழும். பிறகு அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஆள் போனால் மரத்தையும் வெட்டிவிடுவோம், அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு. ஒரு மாதத்துக்குள் கட்டையைப் பயன்படும் பொருளாக்க வேண்டும், இல்லையென்றால் உரக்குழிதான். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு வருவார்கள், மீதிப் பேர் சட்டம் பேசிக்கொண்டு வருவார்கள். சகாயமேரி இரண்டாவது ரகம். மாரடைப்பில் போன கணவன் சூசையின் கட்டையைத் தோளில் சுமந்து வந்தாள்.

"வில்லு செய்யணும் அண்ணாச்சி. நான் மீட்புப் படையில இருக்கேன், சட்டப்படி செல்லும்."

செல்லும்தான். புழுதிப் புயலில் கருவிகளெல்லாம் படுத்துவிடும். அப்போது பள்ளத்துக்கு அப்பால் கயிறு அனுப்ப மரத்தில் செய்த வில்தான் ஒரே வழி. வில்லின் வெளிமுகம் நுனிக்கு நுனி ஒரே ஆண்டின் வளையமாக இருக்க வேண்டும். லேசர் நேர்கோட்டில் வெட்டி வளையத்தை அறுத்துவிடும், அதனால் கைவேலைதான். இழுக்கப் போகிறவரே சீவவும் வேண்டும். நான் பக்கத்தில் நின்று திட்டுவேன்.

"கடைசி எட்டு வருசத்துல ஒண்ணு மேல தெரியணும்" என்றாள். "அவுக திரும்பி வந்த பெறகுதான் நாங்க சந்தோசமா இருந்தோம்."

ஒன்பது வருடத்துக்கு முன் இருவருக்கும் பெரிய சண்டை. சூசை ஊரின் மறுகோடியில் ஒரு வருடம் தனியாகக் கிடந்தான்.

பட்டையை உரித்து வெட்டுமுகத்தைப் பார்த்தோம். கடைசி எட்டு வளையமும் காகிதக் கனம். அவற்றுக்கு உள்ளே இருந்த ஒன்பதாவது மட்டும் விரல் கனம்.

"இது எந்த வருசம்?"

"அவன் தனியா இருந்த வருசம்மா."

"அப்போ எங்கூட இருந்தப்ப ஊத்தவே இல்லையா? தெனமும் செம்பைத் தூக்கிட்டுப் போவாகளே!"

என் வாய் சும்மா இருந்தால்தானே? "உனக்குக் கல்லடைப்பு வந்து எத்தனை வருசம்?" என்று கேட்டேன்.

"எட்டு. ஆஸ்பத்திரியில கூடுதல் தண்ணி எழுதிக் குடுத்தாங்க. அவுகதான் தெனம் வாங்கியாருவாக."

"ஆஸ்பத்திரியில யாருக்கும் கூடுதல் தண்ணி கெடையாதும்மா. எம் பொண்டாட்டிக்கு இதே நோவு வந்தப்பவும் கெடைக்கல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "படுபாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்று கட்டையைப் பார்த்துத் திட்டினாள். பிறகு, "மெல்லிசு வளையத்துலயே செய்ய முடியாதா?" என்றாள்.

"ரெண்டாவது இழுப்புல ஒடைஞ்சிரும். சோதனையில ஒடைஞ்சா உரக்குழி. அவன்ல ஒண்ணுமே மிஞ்சாது."

முகத்தைத் துடைத்துக்கொண்டு சீவுகத்தியை எடுத்தாள். நான் அன்று திட்டவில்லை. மதியத்துக்குள் எட்டு வருடமும் சுருள் சுருளாக அவள் காலடியில் கிடந்தது. அதையும் அவளே அள்ளி உரக்கூடையில் போட்டாள். அடுத்த இருபது நாளும் உள்பக்கத்தைச் சுரண்டி, கொஞ்சங்கொஞ்சமாக வளைத்துப் பழக்கினாள். அதிகாரி முன்னால் நூறு முறை இழுத்தாள். வில் முனகக்கூட இல்லை. சட்டப்படி கைப்பிடியில் வளையத்தின் ஆண்டைச் சுட்டுப் பொறித்தேன். அவன் அவளோடு இல்லாத அந்த ஒரு வருடம்.

மறுநாள் காலை செம்போடு தன் மரத்தடியில் நின்றாள். அந்த வரிசையிலேயே பருத்த மரம் அவளுடையதுதான். எட்டு வருடமாக அவள் அதற்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

"அந்த வருசமெல்லாம் இதுக்குள்ள இருக்கும்லா அண்ணாச்சி?"

"இருக்கும்."

"நான் பாக்க முடியாதுல்ல?"

வெட்டினால்தானே தெரியும்? அவள் செம்பு முழுவதையும் வேரில் கவிழ்க்கப் போனாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எட்டு வருசம் அவன் ஊத்தாம விட்டது எதுக்குன்னு நெனைச்ச? மொதல்ல குடி."

அழுதுகொண்டே பாதிச் செம்பைக் குடித்தாள்.